இடது தாடைச் சுழி

கடையநல்லூர் பரீதுக்குத் தாடி வந்த காரணத்தை அவன் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். பதினாலு வருஷம் வளைகுடாவில் கம்பெனி சட்டத்துக்குப் பயந்து தினமும் காலையில் வழுவழுவென்று மழித்துக்கொண்டிருந்த மனுசன், ஊரோடு வந்து சேர்ந்ததும் மார்க்கத்தின் பக்கம் திரும்பிவிட்டான் என்று. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது ஹபீபுல்லா ஹாஜியார் ஒருநாள் அவன் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ், மொகத்துல ஒரு ஒளி வந்துட்டு பரீது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பரீது தலையைக் குனிந்துகொண்டான். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவன் தாடி வளர்க்க நினைத்ததே கிடையாது. மழிக்க முடியாமல் போயிற்று.

வேலையை விட்டு ஊருக்கு வந்த முதல் வாரம். காலையில் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் நுரை தடவி, ரேசரை இடது காதுக்குக் கீழே வைத்தான். "பத்து நாளு தான அண்ணாச்சி" என்று ஒரு குரல் கேட்டது. கெஞ்சுகிற குரலாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அது சிரித்துக்கொண்டே கேட்டது. ரேசர் கைநழுவி வாஷ்பேசினில் விழுந்தது. மறுநாளும் அப்படியேதான். வேறொருவர் கை மழித்தால் குரல் வராது என்று தென்காசிக்குப் போய், கூலக்கடை பஜார் பக்கம் சிவனணைந்தபெருமாள் வைத்திருந்த சலூனில் உட்கார்ந்தான். அவர் கத்தியை விரித்ததும் பரீதுக்கு மூச்சு முட்டியது. கழுத்துத் துணியை உதறிவிட்டு நுரையோடு தெருவுக்கு வந்துவிட்டான்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப அங்கே போனபோது, "ஓரத்த மட்டும் ஒதுக்கி விடுங்க" என்றான்.

ஓரம் ஒதுக்கும்போதுதான் சிவனணைந்தபெருமாள் அதைக் கண்டார். சீப்பை வலப்பக்கமாக இழுத்துப் பார்த்தார், நேராக இழுத்துப் பார்த்தார். தாடி இடப்பக்கமே சாய்ந்தது.

"பாய், ஒங்களுக்கு இடது தாடைக்கு அடியில ஒரு சுழி இருக்கு. தலையில இருக்கும்லா, அது மாதிரி. அதான் முடி பூரா இந்தப் பக்கம் திரும்புது. எப்படிச் சீவினாலும் இங்கனதான் வரும்."

"எல்லாருக்கும் இருக்குமா?"

"முப்பது வருசமா இந்தத் தொழில் பாக்குதேன். தாடையில சுழி உள்ள ஆள இப்பதான் பாக்கேன்."

பரீது இன்னொருவனைப் பார்த்திருக்கிறான். அவன் பெயர் பிரின்ஸ்.

பிரின்ஸ் இலத்தூர்க்காரன். அதே கம்பெனியில் சாரம் கட்டுகிற வேலை. தொழிலாளர் கேம்பில் பரீதின் அறையில்தான் அவனும் இருந்தான். கீழ்க்கட்டில் பரீதுக்கு, மேல்கட்டில் அவனுக்கு. பரீதைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு விமானம் ஏறியவன். சாரக்காரர்கள் வெட்டவெளியில் நிற்பவர்கள், முகத்தில் மாஸ்க் மாட்ட வேண்டியதில்லை. அதனால் அவனுக்கு மழிக்கிற கட்டாயமும் இல்லை. எட்டு மாதமாகத் தாடி வளர்த்தான்.

வளர்த்தான் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை லீவு என்றால் காலை முழுக்க அதற்கே போகும். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சி, ஒரு ஜாம் பாட்டிலில் வைத்திருந்தான். சூடு முழுக்க ஆறாத எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, மயிர்க்காலில் இறங்கும்படி விரல்நுனியால் அமுக்கிவிடுவான். அரைமணி ஊறியதும் சீயக்காய் போட்டு அலசி, வேப்பமரச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுப்பான். பிளந்த முடி கண்டால் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுவான். செம்பட்டை பாய்ந்த தாடி. பேசத் தொடங்குமுன் இரண்டு விரலால் அதன் நுனியைப் பிடித்து இடப்பக்கமாக ஒரு முறுக்கு முறுக்குவது அவன் பழக்கம். வீடியோ காலில் பெண்டாட்டி சுஜிதா, "சாமியாருகணக்கா இருக்கு" என்று கிண்டல் பண்ணுவாள். அப்புறம் அவளே, "நான் நேர்ல பாக்காம எடுத்துராதீங்க, சொல்லிட்டேன்" என்பாள். கீழே படுத்திருக்கும் பரீதின் காதில் இதெல்லாம் விழும்.

பரீதுக்கு வேலை டாங்கி வாசலில். பெரிய எண்ணெய் டாங்கிகளுக்குள் ஆட்கள் இறங்கி வேலை பார்க்கும்போது, வாசலில் நின்று ஒவ்வொருவன் பெயரையும் எழுதி, முகத்தைப் பார்த்து உள்ளே விட வேண்டும். மாஸ்க் தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் விஷவாயு உள்ளே புகாது. நடுவில் மயிர் இருந்தால் ஒட்டாது. அதற்காகவே வாசலில் ஒரு பெட்டி நிறைய ரேசர் கிடக்கும். யார் தாடியோடு வந்தாலும் அங்கேயே மழித்துவிட்டுத்தான் போக வேண்டும். பதினாலு வருஷத்தில் பரீது ஒருவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிரின்ஸ் ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருந்தபோது, டாங்கிக்குள் சாரம் பிரிக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். பிரின்ஸை அனுப்பினார்கள். பரீது ரேசர் பெட்டியை அவன் பக்கம் தள்ளினான்.

"பத்து நாளு தான அண்ணாச்சி" என்று பிரின்ஸ் சிரித்தான். "அவ நேர்ல பாக்கணும்னு சொல்லிருக்கா. மாஸ்க் வார நல்லா இறுக்கி மாட்டிக்கிடுதேன். அரமணிநேர வேலை."

"ஏலே, வெளையாடாத."

"ஒங்க கூடப்பொறந்த தம்பியா இருந்தா விட மாட்டீங்களா?"

பரீது தாளில் 'முகம் மழித்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.

பன்னிரண்டாவது நிமிஷம் உள்ளே கூச்சல் கேட்டது. தூக்கிக்கொண்டு வந்தபோது மாஸ்க் முகத்தில் அப்படியே மாட்டியிருந்தது. அதன் விளிம்பில் இரண்டு பக்கமும் தாடி பிதுங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி கிளினிக்கில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வர அரைமணி ஆகும். ஃபோர்மேன் பரீதை உடல் கிடந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "நீ டிக் அடிச்சிருக்க. தாடியோட பாத்தா மொதல்ல ஜெயிலுக்குப் போறது நீ. அடுத்தது நான். மாஸ்க்க அவனே கழட்டிட்டான்னு நான் எழுதிக்கிறேன். நீ இத முடி" என்று பெட்டியிலிருந்து அள்ளி வந்த ரேசர்களை அவன் கையில் திணித்தார்.

பரீது முடித்தான். கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியால் முதலில் நீளத்தை எடுத்தான். பிறகு கைகழுவும் சோப்பைக் குழைத்துப் போட்டான். எண்ணெய் ஊறிய மயிர். இரண்டு இழுப்பில் ரேசர் அடைத்துக்கொண்டது. ஏழு ரேசர் ஆயிற்று. அறை முழுக்கக் கருஞ்சீரக வாசம். அடியில் வெயிலே படாத தோல் குழந்தைத் தோல்போல வெளுத்திருந்தது. அவசரத்தில் தாடையில் ஒரு இடத்தில் பிளேடு ஆழமாக இறங்கிவிட்டது. "ஐயோ, பொறுத்துக்கலே" என்று பரீது வாய்விட்டுச் சொல்லிவிட்டான். ரத்தம் வரவில்லை.

மயிரை ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். எரிக்கிற குப்பையோடு அது போயிற்று.

ஒரு வாரம் கழித்து சுஜிதா இலத்தூரிலிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, அவரு மாஸ்க்கக் கழட்டினத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"எதுக்குக் கழட்டினாரு?"

"மூச்சு முட்டிருக்கும்மா. அவசரப்பட்டுட்டான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து பரீது வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

மூன்று வருஷத்தில் தாடி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. யாரும் சொல்லித் தராமலே அவன் கை எல்லாம் செய்தது. எண்ணெயை உள்ளங்கையில் தேய்ப்பதும், நுனியிலிருந்து சிக்கெடுப்பதும், வெள்ளிக்கிழமை காலையில் கத்தரியைத் தேடுவதும். நாலு பேரோடு நின்று பேசும்போது இரண்டு விரல் தாடி நுனிக்குப் போய் இடப்பக்கம் முறுக்கியிருக்கும். அதைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். சீப்போடு வரும் முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். கறுப்புக்கும் நரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு செம்பட்டை தெரியும். "மருதாணி பட்டிருக்கும். இல்லன்னா உப்புத்தண்ணி" என்றாள் அவன் மனைவி நூர்நிஷா. மருதாணி அவர்கள் வீட்டில் அரைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இந்த எண்ணெய் பக்குவம் யாரு சொல்லித் தந்தா ஒங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கேம்ப்ல ஒருத்தன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல" என்றான் பரீது.

ஊருக்கு வந்தபின் அவன் ஒரு லோடு ஆட்டோ வைத்து ஓட்டினான். சாரல் காலத்தில் தென்காசி பழ மண்டியிலிருந்து குற்றாலத்துக் கடைகளுக்குப் பெட்டி ஏற்றிப் போவான். இந்த வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில் மண்டிக்காரர், "ஐந்தருவி போற வழியில புதுசா ஒரு கடை போட்டிருக்காங்க. இலத்தூர்ப் பொம்பள. ரம்புட்டான் ரெண்டு பெட்டி, மங்குஸ்தான் ஒண்ணு, தெனம் எறக்கிருங்க பாய்" என்றார். பரீது பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருப்பான்.

தார்ப்பாய்க்குக் கீழே பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பியதும் அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் மேல்கட்டிலில் ஒரு போனுக்குள் பார்த்த முகம். அவளுக்கு இவனைத் தெரியவில்லை. அவள் வீடியோ காலில் பார்த்த பரீதண்ணன் மழித்த முகக்காரன்.

"பெட்டிய அங்கன ஓரமா வச்சிருங்க பாய்" என்றாள் சுஜிதா.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பரீது தலையை மட்டும் ஆட்டினான்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் மாமனார் அருமைநாயகம் உட்கார்ந்திருப்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் சும்மா விடமாட்டார். இரண்டாவது நாளே, "வாரும் பாய், டீ குடிச்சிட்டுப் போவும்" என்றார். பரீது தொண்டையைக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தான். அன்றிலிருந்து அவர் பேசுவார், இவன் கேட்பான்.

மூன்றாவது வாரம் அவர் அவன் தாடியைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா வச்சிருக்கீரு. எம்மவனும் வளத்தான். போன்லதான் பாத்தோம். பெட்டியில வரும்போது அதயும் செரச்சிட்டுத்தான் வந்தான். அவசரக்காரப் பய. மூஞ்சில மாட்டினதக் கழட்டாம இருந்தா ஆச்சு. கழட்டிட்டான். கட்டுன பொண்ண இப்படி ரோட்டோரத்துல நிக்க வச்சிட்டுப் போயிட்டான். அவன் கல்லறைக்கு நான் போறதே இல்ல பாய்."

"மாமா, விடுங்க" என்றாள் சுஜிதா. அவர் டீ கிளாஸைக் கொடுக்க எழுந்து போனபின், காலிப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்ற உதவிக்கொண்டே அவள் தானாகவே பேசினாள். வாய் பேசாத ஆளிடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவருக்கு அந்தக் கோவம். எனக்கு வேற. எடுக்காதீங்கன்னு சொல்லிருந்தேன். சரி, எடுக்கலன்னாரு. எடுத்துட்டுத்தான் வந்தாரு. சின்ன விசயந்தான் பாய். ஆனா கடைசியா எங்கிட்ட சொன்ன வார்த்த பொய்யாப் போச்சுல்லா."

பரீது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், பழைய குற்றாலம் திருப்பத்தில் ஓரம்கட்டி, வெகுநேரம் ஸ்டீயரிங்கில் தலை வைத்திருந்தான்.

பிரின்ஸ் சொன்ன வார்த்தை பொய்யில்லை என்று அவளுக்குச் சொல்லலாம். அவன் அவளுக்காகத்தான் வைத்திருந்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தாடியால்தான் செத்தான் என்பதும் கூடவே வந்துவிடும். எடுத்துராதீங்க என்று சொன்னது அவள். இத்தனை நாள் வாயைத் திறக்காமலிருந்ததில் எவ்வளவு பயம், எவ்வளவு அவள்மேல் இரக்கம் என்று பரீதுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

நாலு நாள் கழித்து, பெட்டி இறக்கிவிட்டு, ஐந்தருவியில் குளிக்கப் போனான். உச்சிவேளை, கூட்டம் குறைவு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியின் ஒரு கிளைக்குக் கீழே தலையைக் கொடுத்தான். தண்ணீர் தாடியில் இறங்கியதும் அது ஈரக் கயிறுபோலக் கனத்தது. யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுப்பதுபோல இருந்தது. நிமிர முடியவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர், மூக்கில் தண்ணீர். காதுக்குள் அருவியின் இரைச்சல் போய், மாஸ்க்குக்குள் ஒருவன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்குக் காத்திருந்தான். வரவில்லை.

பக்கத்தில் குளித்தவர்கள் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். "என்ன பாய், வலிப்பு கிலிப்பு இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். பரீது எழுந்து, ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு, நேராகக் கடைக்கு நடந்தான்.

வருகிற வழியில் ஒரு முடிவு பண்ணியிருந்தான். தன் தலையில் எவ்வளவு போட முடியுமோ போட்டுக்கொள்வது. அவள் பெயர் மட்டும் வரக்கூடாது.

"நான் பரீது. கேம்ப்ல பிரின்ஸ் ரூம்ல இருந்தவன்" என்றான்.

சுஜிதாவுக்கு முதலில் ஊமை பேசிய ஆச்சரியம். அப்புறம் அந்தக் குரல் போய் எங்கோ தட்டியது. கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள். அருமைநாயகம் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பிரின்ஸ் மாஸ்க்கக் கழட்டல. கழட்டினான்னு நான் சொன்னது பொய். தாடி இருந்ததால மாஸ்க் ஒட்டல, கேஸ் உள்ள போயிட்டு. அவன் செரைக்கத்தான் வந்தான்மா. நேரமாச்சு, பரவால்ல போன்னு நான்தான் உள்ள விட்டேன். என் தப்பு. முழுக்க என் தப்பு."

"அப்ப பெட்டியில வந்தப்ப..." என்றாள் சுஜிதா.

"போலீஸ் வரதுக்குள்ள நான் எடுத்தேன்."

அருமைநாயகம் எழுந்து வந்தார். கத்துவார் என்று பரீது எதிர்பார்த்தான். அவர் கிட்டே வந்து மெதுவாகத்தான் கேட்டார். "எம்மவனுக்கு நீரா செரச்சீரு?"

"ஆமாய்யா."

"செத்த பொறவா?"

"ஆமாய்யா."

அவர் கை பரீதின் ஈரச் சட்டையைப் பிடித்தது. பிடித்தபடியே இருந்தது. அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"தாடையில ஒரு வெட்டு இருந்துச்சு" என்றாள் சுஜிதா. "பெட்டிய மூடுத வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். எப்பவும் அவ்வளவு பாத்துச் செய்வாரே, எப்படி வெட்டிக்கிட்டாருன்னு."



"மாமா, அவர விடுங்க." அவள் முன்னால் வந்து நின்றாள். "அவரு செரைக்க வந்தாருன்னு சொன்னீங்கல்லா. அது பொய். அவரு வந்திருக்க மாட்டாரு. இதுலயாவது பொய் சொல்லாதீங்கண்ணே. வாசல்ல என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"என்ன சொன்னாரு?"

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பரீது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பத்து நாளு தான அண்ணாச்சின்னான். அவ நேர்ல பாக்கணும்னு சொல்லிருக்கான்னான்."

சுஜிதா காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். குடையோடு வந்த ஒரு குடும்பம், "ரம்புட்டான் கிலோ எவ்வளவுக்கா?" என்று கேட்டது. இரண்டு தரம் கேட்டுவிட்டு அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள்.

பெட்டியில் உட்கார்ந்தபடியே சுஜிதா கேட்டாள். "எது வரைக்கும் இருந்துச்சு? போன்ல கழுத்தோட நின்னுரும். முழுசா தெரியாது."

பரீது தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். "இங்கன வரைக்கும். இடப்பக்கமா திரும்பியிருக்கும். செம்பட்டையா."

அந்தக் கை இருந்த இடத்தை, அதற்குக் கீழே ஈரத்தோடு ஒட்டிக் கிடந்த தாடியை, அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு, "போங்க" என்றாள். "இனி பெட்டி எறக்க வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து பரீது நூர்நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள் அடுப்படிக்குப் போய், அலமாரியில் இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். "மூணு வருசமா இத நான்தான காய்ச்சித் தந்தேன்" என்றாள். அழவில்லை. பாட்டிலை எடுத்துப் போய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். "எடுத்துருங்க. அல்லாஹ்வுக்குன்னு பின்னால வேற வளத்துக்கிடுங்க. இது ஒங்க தாடி இல்ல."

ஆனால் அதற்குமுன் அருமைநாயகத்தின் போன் வந்துவிட்டது. "எனக்கு அவங்க காசு ஒண்ணும் வேண்டாம். எம்மவன் பேரத் திருத்தணும். நீரு சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும்." தென்காசியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் அறையில் உட்கார்ந்து பரீது நாலு பக்கம் எழுதினான். டிக் அடித்தது, ரேசர் ஏழு, தாடையில் வெட்டு, போனில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. இனி அந்த நாட்டு மண்ணை மிதித்தால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்தார். கையெழுத்துப் போட்டான். கம்பெனிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று ரெஜிஸ்டர் தபாலில் போயிற்று.

அங்கிருந்து நேராக சிவனணைந்தபெருமாள் சலூனுக்கு நடந்தான். "முழுசா எடுத்துருங்க." அவர் இரண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டுதான் கத்தரியை எடுத்தார். கத்தி இடது காதுக்குக் கீழே வந்தபோது பரீது கண்ணை மூடிக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. பஜாரில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன், எதிர்க்கடை ரேடியோ, தோலில் கத்தி நகர்கிற சரசரப்பு. அவ்வளவுதான் கேட்டது. கூட இருந்த ஒருவன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனதுபோல இருந்தது அவனுக்கு. கண்ணாடியில் தெரிந்த முகம் அவன் வாப்பாவுடையது போல இருந்தது, கன்னம் ஒட்டி, வயசாகி.

"என்ன பாய், அழுவுதீங்க? கத்தி பட்டுட்டா?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

"இல்ல. நீங்க செய்யுங்க."

கம்பெனியிலிருந்து இரண்டு மாதத்தில் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, கோப்பைத் திறக்க முடியாது என்று மூன்றே வரி. தூதரகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அருமைநாயகம் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. நாலு பக்கத்தையும் நகலெடுத்து இலத்தூர்ப் போதகரிடம் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அதில் முக்கியமானதைச் சபைக்கு வாசித்தார். கடையநல்லூருக்கும் செய்தி வந்து சேர்ந்தது. மழித்த முகத்தோடு பள்ளிவாசலுக்கு வந்த பரீதிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. ஹபீபுல்லா ஹாஜியார் அவன் ஸலாமுக்குப் பதில் சொன்னார். தோளைத் தட்டவில்லை.

அக்டோபரில் பிரின்ஸின் நாலாவது நினைவு நாள். "காலையில கல்லறைக்கு வாரும்" என்று அருமைநாயகம் சொல்லியிருந்தார். பரீது போனபோது சுஜிதா பூ வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பாதை ஓரமாக ஒதுங்கி நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம் நின்றாள், கடந்து போனாள்.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறைக்குப் பக்கத்தில் பெரியவர் தனியாக நின்றார். தாடி இல்லாத பரீதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு?" என்றார். சொன்னதும் தலையை ஆட்டினார்.

"அடக்கம் பண்ணின அன்னைக்கு வந்தது. அதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் வாரேன்" என்றார். "இத்தன வருசமா பெத்த புள்ளைய ஏசிக்கிட்டே இருந்துட்டேன். இனி அவங்கிட்ட என்ன சொல்லுததுன்னு தெரியல."

பரீது எந்த வசவுக்கும் தயாராகத்தான் வந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். அவ இருக்கும்போது கேக்க முடியல." அவர் குரலைத் தணித்தார். "கஷ்டப்பட்டானா?"

அதை மட்டும் யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஆனால் அதற்கு அவனுக்கு உண்மையான பதில் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது அதுதான்.

"இல்லய்யா. அந்த அளவு கேஸுக்கு ரெண்டு மூச்சு. விழுந்ததே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நெசமா?"

"நெசம்யா."

பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார். "அவகிட்ட போன்லயும் பாத்தேன்னு தான சொன்னீரு" என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. யோசித்துப் பார்க்கிற மாதிரி.

அல்லாஹ் மேல் ஆணையாக என்று நாக்கு நுனிவரை வந்தது. பரீது அதை விழுங்கிக்கொண்டான். இத்தனை பொய்க்குப் பிறகு ஆணைக்கு என்ன மதிப்பு என்று தோன்றியது.

அவர் குனிந்து கல்லறைச் சுவரோரம் முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். பரீதும் மறுபக்கம் உட்கார்ந்து பிடுங்கினான். முடிந்ததும் அவர் கையைத் தட்டிவிட்டு நடந்தார். நம்பினாரா இல்லையா என்று பரீதுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவரே போன் பண்ணினார். தார்ச்சாலையில் லோடோடு போய்க்கொண்டிருந்தவன் வண்டியை நிறுத்தி எடுத்தான்.

"பாய், ரெண்டு மூச்சுதானா?"

"ரெண்டே மூச்சுதான்யா."

"சரி" என்று வைத்துவிட்டார். இப்போதும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். வேறு எதுவும் விசாரிப்பதில்லை. அதையேதான் கேட்கிறார். பரீதும் அதையேதான் சொல்கிறான்.